சி டிரைவ் நிரம்பியபின்: தரவை இழக்காமல் பார்ட்டிஷன் அளவை மாற்றும்போது நேரும் தடைகளும் தீர்வுகளும்

பழைய வண்ணாரப்பேட்டையிலும் தண்டையார்பேட்டையிலும் உள்ள ஜெராக்ஸ் கடைகள், கல்யாணப் பத்திரிகை அச்சகங்கள், மண்ணடியில் துறைமுக வேலை பார்க்கும் கிளியரிங் அலுவலகங்கள் ஆகியவற்றின் கணினிகளைத் திறந்தால் பெரும்பாலும் ஒரே காட்சிதான் தென்படுகிறது. 500 ஜிபி வட்டில் சி டிரைவுக்கு 100 ஜிபி ஒதுக்கி, எஞ்சியதை டி, இ என்று என்றோ யாரோ பிரித்துவிட்டுப் போயிருப்பார்கள். சி-யின் பட்டை சிவந்திருக்கும். டி பாதிக்கு மேல் காலியாகக் கிடக்கும். “அண்ணே, டி-ல அவ்ளோ எடம் சும்மா கெடக்குது, அதுல கொஞ்சம் எடுத்து சி-க்குப் போட முடியாதா?” என்று கடைக்காரர் கேட்பது நியாயமான கேள்விதான். முடியும். ஆனால் அதில் எளிதான பாதி ஒன்றும் ஆபத்தான பாதி ஒன்றும் உள்ளன. எது எது என்று தெரியாமல் கை வைப்பதால்தான் தரவு போகிறது.

நம் வடசென்னையின் பழைய ஒண்டுக்குடித்தனங்களை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே வரிசையில் வீடுகள், இரண்டு வீட்டுக்கும் ஒரே பொதுச்சுவர். வட்டிலும் சி, டி, இ போன்ற பிரிவுகள், அதாவது பார்ட்டிஷன்கள், அப்படித்தான் இடமிருந்து வலமாக அடுத்தடுத்து நிற்கின்றன. ஒவ்வொரு பார்ட்டிஷனுக்குள்ளும் இருக்கும் கோப்புகளின் முகவரி, அந்தப் பார்ட்டிஷனின் தொடக்கத்திலிருந்து எத்தனையாவது கட்டம் என்ற கணக்கில் எழுதப்பட்டிருக்கிறது. ஆகவே வலப்பக்கச் சுவரை, அதாவது முடிவை, வெற்றிடத்துக்குள் தள்ளினால் எந்தக் கோப்பின் முகவரியும் மாறாது. சில நொடிகளில் வேலை முடியும். இடப்பக்கச் சுவரை, அதாவது தொடக்கத்தை, நகர்த்தினால் உள்ளே இருக்கும் ஒவ்வொரு பைட்டையும் எடுத்துப் புதிய இடத்தில் வைத்தாக வேண்டும். கீழே சொல்லப்படும் அறிகுறிகளில் பலவும் இந்த ஒரு வேறுபாட்டிலிருந்தே கிளம்புகின்றன.

கை வைப்பதற்கு முன்

காப்புப் பிரதி வேறொரு வட்டில் இருக்க வேண்டும். சி-யில் இருப்பதை டி-யில் நகலெடுத்துவிட்டு “பேக்கப் எடுத்தாச்சு” என்று சொல்பவர்களை வாரம் ஒருவராவது பார்க்கிறேன். இரண்டும் ஒரே வட்டின் இரண்டு அறைகள் என்பதால் அது காப்பு ஆகாது. வெளி வட்டில் நகலெடுத்தபின் டேலி தரவு, படங்கள், பத்திரிகை வடிவக் கோப்புகள் ஆகியவற்றில் சிலவற்றை அந்த வட்டிலிருந்தே, முடிந்தால் வேறு கணினியில் செருகி, திறந்து பார்த்துவிடுங்கள்.

அடுத்து வட்டின் உடல்நிலை. கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் அதைக் காட்டும். பழுதாகி மாற்றியமைக்கப்பட்ட செக்டார்களின் (வட்டின் சிறு கட்டங்களின்) எண்ணிக்கையோ, தீர்ப்புக்குக் காத்திருக்கும் செக்டார்களின் எண்ணிக்கையோ பூஜ்ஜியத்துக்கு மேல் இருந்து நிறமும் மஞ்சளாக மாறியிருந்தால், அந்த வட்டில் பார்ட்டிஷன் வேலையே செய்யாதீர்கள். புதிய வட்டுக்கு முழுமையாக நகலெடுத்து, அளவு மாற்றத்தை அங்கே வைத்துக்கொள்ளுங்கள். தரவு வரும் வழியில் சிதைவதைக் காட்டும் சிஆர்சி பிழை எண்ணிக்கை மட்டும் ஏறிக்கொண்டே போனால் பெரும்பாலும் குற்றவாளி வட்டு அல்ல, அதைத் தாய்ப்பலகையோடு இணைக்கும் சாட்டா கேபிள். காசிமேடு, ராயபுரம் போன்ற கடலோரத் தெருக்களில் உப்புக் காற்று உலோக முனைகளை அரித்துவிடுகிறது. கேபிளை மாற்றிவிட்டு, அந்த எண் மேலும் ஏறுகிறதா என்று ஒரு நாள் கவனித்தபின் வேலையைத் தொடங்குங்கள்.

வட்டு பிட்லாக்கர் என்ற விண்டோஸின் குறியாக்கத்தால் பூட்டப்பட்டிருக்கிறதா என்பதையும் பாருங்கள். தற்காலத்து மடிக்கணினிகள் பலவற்றில் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தவுடன் குறியாக்கம் தானாகவே தொடங்கிவிடுகிறது. உரிமையாளருக்கே அது தெரிவதில்லை. 48 இலக்க மீட்பு எண்ணை அந்தக் கணக்கிலிருந்து எடுத்துக் காகிதத்தில் எழுதி வைத்துக்கொண்டு, பாதுகாப்பைத் தற்காலிகமாக நிறுத்திவிட்டுத் தொடங்குங்கள்.

அறிகுறி: “எக்ஸ்டென்ட் வால்யூம்” மங்கலாக இருக்கிறது, அழுத்த முடியவில்லை

மிக அதிகமாக வரும் புகார் இது. டி-யைச் சுருக்கி 60 ஜிபி விடுவித்தாயிற்று. விண்டோஸின் வட்டு மேலாண்மைக் கருவியான டிஸ்க் மேனேஜ்மென்ட் அதைக் கறுப்புப் பட்டையாகக் காட்டுகிறது. ஆனாலும் சி-யின் மேல் வலது சொடுக்கு செய்தால் விரிவாக்கும் கட்டளை மங்கலாகவே இருக்கிறது. டி-யைச் சுருக்கும்போது அதன் முடிவுதான் உள்ளே வருகிறது என்பதால், வெற்றிடம் டி-க்கு வலப்புறம் உண்டாகிறது. சி-க்கும் அந்த இடத்துக்கும் நடுவில் டி முழுவதும் நிற்கிறது. சி-யின் வலப்பக்கச் சுவரை ஒட்டி வெற்றிடம் இருந்தால் மட்டுமே விண்டோஸ் அதை விரிவாக்கும்.

என் வழி சுற்றுவழிதான், ஆனால் எந்தப் பார்ட்டிஷனின் தொடக்கத்தையும் நகர்த்தத் தேவையில்லாதது. டி-யில் உள்ள அனைத்தையும் வெளி வட்டில் நகலெடுங்கள், திறந்து சரிபாருங்கள், டி-யை நீக்குங்கள், சி-யை வேண்டிய அளவுக்கு விரியுங்கள், எஞ்சிய இடத்தில் புதிய பார்ட்டிஷன் அமைத்து, அதே டி என்ற எழுத்தைக் கொடுத்து, கோப்புகளைத் திரும்ப வையுங்கள். எழுத்து மாறினால் டேலி தன் தரவுப் பாதையைக் கண்டுபிடிக்காது, குறுக்குவழிகள் எல்லாம் செத்துப்போகும்; ஆகையால் அந்த எழுத்து முக்கியம். டி-யில் மென்பொருள்களை நிறுவியிருந்தால், மறைந்த கோப்புறைகளையும் சேர்த்து நகலெடுத்தீர்களா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். ஜிபார்ட்டட் (லினக்ஸில் இயங்கும் இலவசப் பார்ட்டிஷன் மென்பொருள்) போன்ற கருவிகளால் டி-யின் தொடக்கத்தை வலப்புறம் தள்ளுவதும் இயலும். வெளி வட்டில் முழு நகல் இருந்தால்தான் அதைச் செய்ய வேண்டும் என்னும்போது, நகல்தான் ஏற்கெனவே இருக்கிறதே, நீக்கிவிட்டு அமைப்பதே விரைவு என்பது என் எண்ணம்.

பார்ட்டிஷன் அட்டவணையைப் பழைய எம்பிஆர் முறையில் எழுதிய வட்டுகளில் இன்னொரு சிக்கல் உண்டு. டி-யை நீக்கிய பிறகும் அந்த இடம் கறுப்பாக மாறாமல் இளம்பச்சை நிறத்தில் நிற்கும். டி, இ இரண்டும் ஒரு நீட்டிப்புப் பார்ட்டிஷனுக்குள் அமைந்த உட்பிரிவுகள் என்பதே அதன் பொருள். டி போனாலும் அதைச் சுற்றியிருந்த வெளிச்சுவர் போகவில்லை. இ-யையும் நகலெடுத்து நீக்கி, பிறகு அந்த நீட்டிப்புப் பார்ட்டிஷனையும் நீக்கினால்தான் இடம் கறுப்பாகும்.

சி-க்கும் வெற்றிடத்துக்கும் நடுவில், எழுத்து எதுவும் இல்லாத, சுமார் 500 எம்பி அளவிலான ஒரு மீட்புப் பார்ட்டிஷன் (விண்டோஸ் பழுதானால் சரிசெய்யும் கருவிகள் இருக்கும் இடம்) உட்கார்ந்திருப்பதும் உண்டு. விண்டோஸ் 10-இன் 2004 பதிப்பு முதல் நிறுவும்போதே அது சி-க்கு அடுத்து அமைக்கப்படுகிறது. டிஸ்க் மேனேஜ்மென்ட் அதை நீக்க விடாது. நிர்வாகி உரிமையுடன் கட்டளைச் சாளரத்தைத் திறந்து, ரீஏஜென்ட்-சி என்ற கட்டளையால் மீட்புச் சூழலை முதலில் முடக்க வேண்டும். அப்போது மீட்புக் கோப்பு சி-க்குள், சிஸ்டம்32-க்கு உள்ளே இருக்கும் ரிக்கவரி கோப்புறைக்குத் திரும்பி வரும். அது உண்மையிலேயே வந்துவிட்டதை மறைந்த கோப்புகளைக் காட்டச் செய்து கண்ணால் பார்த்த பிறகே, டிஸ்க்பார்ட் என்ற கட்டளைக் கருவியில் ஓவர்ரைடு சொல்லுடன் அந்தப் பார்ட்டிஷனை நீக்குங்கள். டிஸ்க்பார்ட்டில் எந்த வட்டு தேர்வாகியிருக்கிறது என்பதை அளவைக் கொண்டு இருமுறை பாருங்கள், அது “உறுதியா?” என்று கேட்காத கருவி. சி-யை விரிக்கும்போது இறுதியில் 1 ஜிபி விட்டு, அதில் மீட்புப் பார்ட்டிஷனை அதற்குரிய வகை அடையாளத்துடன் மீண்டும் அமைத்து, ரீஏஜென்ட்-சி-யை இயக்குநிலைக்குக் கொண்டுவாருங்கள். 1 ஜிபி எதற்கு என்றால், 2024 ஜனவரியில் வந்த கேபி5034441 என்ற புதுப்பிப்பு மீட்புப் பார்ட்டிஷனில் 250 எம்பி வெற்றிடம் கேட்டது. அது இல்லாத எண்ணற்ற கணினிகளில் 80070643 என்று முடியும் பிழை எண்ணைக் காட்டி நின்றுவிட்டது.

அறிகுறி: 200 ஜிபி காலியாக இருந்தும் 4 ஜிபி மட்டுமே சுருக்க முடியும் என்கிறது

சுருக்கும்போது பார்ட்டிஷனின் முடிவு உள்ளே வருகிறது. அந்தக் கோட்டுக்கு வெளியே உள்ள கோப்புகளை விண்டோஸ் முதலில் உள்ளே கொண்டுவர வேண்டும். ஆனால் தான் பயன்படுத்திக்கொண்டிருக்கும் சில கோப்புகளை அது நகர்த்தாது. உறக்க நிலைக்கான ஹைபர்னேட் கோப்பு, நினைவகத்துக்குத் துணையான பேஜ் கோப்பு, பழைய நிலைக்குத் திரும்ப உதவும் சிஸ்டம் ரெஸ்டோர் சேமித்துவைத்த நிழற்படிகள் ஆகியவை அவற்றில் முக்கியமானவை. அவற்றுள் ஒன்று வட்டின் கடைசி மூலையில் படுத்திருந்தால் போதும், அதற்கு முன்னால் எவ்வளவு காலியாக இருந்தாலும் பயனில்லை.

எந்தக் கோப்பு என்று ஊகிக்க வேண்டியதில்லை. சுருக்க முயன்ற பின் ஈவென்ட் வியூவரில் அப்ளிகேஷன் பதிவேட்டைத் திறந்து 259 என்ற எண்ணுள்ள பதிவைத் தேடுங்கள்; தடையாக நிற்கும் கடைசிக் கோப்பின் பெயரை அது சொல்லும். பெயரைப் பார்த்து அதற்குரியதை மட்டும் அணையுங்கள். ஹைபர்னேட் என்றால் பவர்சிஎஃப்ஜி கட்டளையால் நிறுத்தலாம். பேஜ் கோப்பு என்றால் சிஸ்டம் அமைப்புகளின் மேம்பட்ட பகுதியில் அந்த டிரைவுக்கு “பேஜிங் ஃபைல் வேண்டாம்” என்று தேர்ந்தெடுத்து மறுதொடக்கம் செய்யுங்கள். நிழற்படிகள் என்றால் சிஸ்டம் புரொடெக்ஷனை அணைத்து அவற்றை நீக்குங்கள், பழைய மீட்புப் புள்ளிகள் அதோடு போய்விடும் என்பதை அறிந்தே செய்யுங்கள். ஒன்றை அணைத்தால் அடுத்த கோப்பு தடையாக நிற்கும். இரண்டு மூன்று சுற்று ஆகலாம். பதிவேட்டில் எம்எஃப்டி என்ற கோப்பு அட்டவணையின் பெயரே வந்தால் விண்டோஸுக்குள் இருந்துகொண்டு செய்வதற்கு அதிகம் இல்லை. ஜிபார்ட்டட்டை யூஎஸ்பியிலிருந்து இயக்கிச் சுருக்கினால் அது அந்த அட்டவணையையும் நகர்த்திக்கொள்ளும்.

ஒரு சிறு குறிப்பு: சுருக்கும் பெட்டி எம்பி கணக்கில் கேட்கிறது. 50 ஜிபி வேண்டும் என்றால் 51200 என்று எழுத வேண்டும். 50000 என்று எழுதினால் 48.8 ஜிபிதான் கிடைக்கும்.

அறிகுறி: “டைனமிக் வட்டாக மாற்றப்படும்” என்ற எச்சரிக்கை வருகிறது

“நோ” என்பதை அழுத்துங்கள். ஒட்டி இல்லாத இடத்தைச் சேர்க்க முயன்றாலோ, எம்பிஆர் வட்டில் நான்குக்கு மேல் முதன்மைப் பார்ட்டிஷன் கேட்டாலோ இது வரும். சரி என்று சொல்லிவிட்டால், விண்டோஸின் சொந்தக் கருவிகளைக் கொண்டு பழைய நிலைக்குத் திரும்ப அந்த வட்டிலுள்ள எல்லாப் பார்ட்டிஷன்களையும் அழிக்க வேண்டிவரும். நான்கு என்ற வரம்பே தொல்லை என்றால், விண்டோஸ் 10-இன் 1703 பதிப்பிலிருந்து கூடவே வரும், எம்பிஆர் வட்டைப் புதிய ஜிபிடி முறைக்கு மாற்றும் எம்பிஆர்-டு-ஜிபிடி கருவியை முதலில் சரிபார்ப்பு முறையில் இயக்கிப் பார்த்துவிட்டு மாற்றிக்கொள்ளலாம். மாற்றியபின் பயாஸில் யுஇஎஃப்ஐ என்ற புதிய துவக்க முறைக்கு மாற வேண்டும் என்பதால், தாய்ப்பலகை அதை ஏற்குமா என்று முன்பே பாருங்கள்.

அறிகுறி: ஜிபார்ட்டட்டில் பார்ட்டிஷன் அருகே பூட்டோ எச்சரிக்கை முக்கோணமோ தெரிகிறது

பூட்டு என்றால் அந்தப் பார்ட்டிஷன் இப்போது பயன்பாட்டில் உள்ளது. லினக்ஸுக்குள் இருந்துகொண்டே அதன் மூலப் பார்ட்டிஷனைச் சுருக்க முடியாது. யூஎஸ்பியிலிருந்து இயக்க வேண்டும். அப்படி இயக்கியும் பூட்டு இருந்தால், யூஎஸ்பி லினக்ஸ் வட்டிலுள்ள ஸ்வாப் (நினைவகத்துக்குத் துணையான) பகுதியைத் தானாக எடுத்துக்கொண்டிருக்கும். அதன்மேல் வலது சொடுக்கு செய்து ஸ்வாப்பை நிறுத்துங்கள்.

முக்கோணம் பெரும்பாலும் விண்டோஸ் பார்ட்டிஷனில் வருகிறது. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இயங்கும் கணினியில் ஷட் டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் முழுமையாக அணைவதில்லை, பாதி உறக்கத்தில் கிடக்கிறது. ஷிஃப்ட் பொத்தானை அழுத்திக்கொண்டே ஷட் டவுன் கொடுங்கள். அதற்குப் பின்னும் முக்கோணம் இருந்தால், விண்டோஸில் அந்த டிரைவின் ப்ராப்பர்ட்டீஸுக்குள் டூல்ஸ் பகுதியில் பிழைச் சோதனையை ஓட்டி, மீண்டும் முழுமையாக அணைத்துவிட்டு வாருங்கள். முக்கோணத்தை மீறிக் கட்டாயமாகச் சுருக்கும் வழிகள் இணையத்தில் ஏராளமாகக் கிடைக்கும். அவை தேவைப்படுகிற நிலை என்றால் சுருக்கும் வேலைக்கு நேரம் வரவில்லை என்றே கொள்ளுங்கள்.

சுருக்கும் கட்டளையே மங்கியிருந்தால் அந்தப் பார்ட்டிஷனின் கோப்பு முறைமை (கோப்புகளை அடுக்கிவைக்கும் ஒழுங்கு) லினக்ஸின் எக்ஸ்எஃப்எஸ் வகையா என்று பாருங்கள். அதை விரிக்கலாம், சுருக்க முடியாது. நகலெடுத்து, மறுபடி அமைப்பதே வழி.

அறிகுறி: பார்ட்டிஷன் பெரிதாகிவிட்டது, ஆனால் உள்ளே பழைய அளவே தெரிகிறது

சுவர் நகர்ந்துவிட்டது, உள்ளிருக்கும் கோப்பு முறைமைக்குச் செய்தி போகவில்லை. விரிக்கும்போது முதலில் சுவர், பிறகு கோப்பு முறைமை. சுருக்கும்போது முதலில் கோப்பு முறைமை, பிறகுதான் சுவர். இந்த வரிசையை மாற்றிச் சுருக்குவது லினக்ஸில் எல்விஎம் என்ற வட்டுப் பிரிப்பு முறையைப் பயன்படுத்துவோர் கட்டளைகளைக் கையால் எழுதும்போது செய்யும் பிழை. கோப்பு முறைமையின் வால் வெட்டுப்படும். விரிப்பதில் அந்த ஆபத்து இல்லை. லினக்ஸின் இஎக்ஸ்டி4 கோப்பு முறைமை என்றால் ரீசைஸ்-2-எஃப்எஸ் கட்டளையை அளவு எதுவும் சொல்லாமல் இயக்கினால் கிடைக்கும் இடம் முழுவதையும் எடுத்துக்கொள்ளும். ஜிபார்ட்டட்டின் “செக்” கட்டளையும் அதையே செய்யும். விண்டோஸில் டிஸ்க்பார்ட்டின் எக்ஸ்டென்ட் ஃபைல்சிஸ்டம் கட்டளை அதற்கென்றே உள்ளது.

அறிகுறி: வேலை நடுவில் நின்றுவிட்டதுபோல் தெரிகிறது

தொடக்கத்தை நகர்த்தும் வேலை என்றால் அது நிற்கவில்லை, நகலெடுத்துக்கொண்டிருக்கிறது. ஒரே வட்டில் படித்து அதே வட்டில் எழுதுவதால் பழைய ஹார்ட் டிஸ்க்கில் நொடிக்கு 50 எம்பி கிடைத்தாலே நல்லது. 400 ஜிபிக்கு அந்தக் கணக்கில் இரண்டேகால் மணி நேரம் ஆகும், பல இடங்களில் அதைவிட அதிகமாகவே ஆகியிருக்கிறது. வட்டின் விளக்கு மினுங்கும்வரை தொடாதீர்கள்.

திருவொற்றியூரில் ஒரு புகைப்படக் கடையின் டி டிரைவை நான் இப்படி நகர்த்திக்கொண்டிருந்தபோது பாதியில் மின்சாரம் போனது. யூபிஎஸ் இருந்தது, அதன் பேட்டரி எப்போதோ செத்துப்போயிருந்ததை நான் சோதிக்கவில்லை. பார்ட்டிஷனின் ஒரு பகுதி புதிய இடத்திலும் எஞ்சியது பழைய இடத்திலும் நின்றது. எந்த அட்டவணையும் எதற்கும் பொருந்தவில்லை. ஃபோட்டோரெக் என்ற மீட்பு மென்பொருளைக் கொண்டு படங்களில் பெரும்பகுதியை மீட்டேன், ஆனால் அந்தக் கருவி கோப்பின் உருவத்தைக் கண்டு மீட்பதால் பெயரும் கோப்புறையும் வராது. எந்தக் கல்யாணம் எது என்று பிரித்து அடுக்க எனக்கும் கடைக்காரருக்கும் ஒன்பது இரவுகள் ஆயின. அன்று முதல், யூபிஎஸ்ஸின் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கி ஐந்து நிமிடம் கணினி ஓடுகிறதா என்று பார்க்காமல் மேசைக்கணினியில் இந்த வேலையைத் தொடுவதில்லை. ஐப்பசி, கார்த்திகை மழை நாட்களில் தொடக்கத்தை நகர்த்தும் வேலையை ஒத்துக்கொள்வதே இல்லை.

அறிகுறி: அளவு மாற்றியபின் கணினி துவங்கவில்லை

கறுப்புத் திரையில் “க்ரப் ரெஸ்க்யூ” என்று வந்தால் தரவு போய்விடவில்லை. பார்ட்டிஷன் எண் மாறியதால் லினக்ஸைத் துவக்கிவைக்கும் க்ரப் தன் கோப்புறையைத் தேடிக்கொண்டிருக்கிறது. எல்எஸ் கட்டளையால் பார்ட்டிஷன்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, பூட் கோப்புறை உள்ளதைக் கண்டுபிடித்து, ரூட், பிரிஃபிக்ஸ் இரண்டையும் அதற்கு மாற்றி, நார்மல் தொகுதியை ஏற்றினால் ஒருமுறை துவங்கும். உள்ளே போனபின் க்ரப்பை மறுபடி நிறுவிவிடுங்கள். விண்டோஸ் துவங்கவில்லை என்றால் நிறுவல் யூஎஸ்பியிலிருந்து ஸ்டார்ட்அப் ரிப்பேரை ஓட்டுங்கள். பிட்லாக்கர் எண்ணைக் கேட்டு நின்றால், எழுதி வைத்த காகிதத்துக்கு அப்போது வேலை வரும்.

அறிகுறி: டிரைவ் “ரா” என்று தெரிகிறது, ஃபார்மட் செய்யவா என்று கேட்கிறது

உள்ளிருக்கும் கோப்பு முறைமையை விண்டோஸால் அடையாளம் காண முடியவில்லை என்பதே “ரா”வின் பொருள். “கேன்சல்” கொடுங்கள். பிழைச் சோதனையையும் ஓட்டாதீர்கள். கோப்பு முறைமை கலைந்த நிலையில் அது சரிசெய்கிறேன் என்று எழுதுவது மீட்பைக் கடினமாக்கும். அந்த வட்டில் இனி எதுவும் எழுதப்படக் கூடாது. டிடி-ரெஸ்க்யூ என்ற கருவியைக் கொண்டு முழு வட்டையும் வேறொரு பெரிய வட்டில் படிமமாக (அப்படியே முழு நகலாக) எடுத்து, அந்தப் படிமத்தின் மேல் தொலைந்த பார்ட்டிஷன்களைத் தேடும் டெஸ்ட்டிஸ்க்கை இயக்குங்கள். பார்ட்டிஷன் நீக்கப்பட்டது மட்டுமே என்றால் அழிந்தது அட்டவணையில் ஒரு வரிதான்; டெஸ்ட்டிஸ்க் பழைய எல்லைகளைத் தேடிக் காட்டும். காட்டிய பார்ட்டிஷனுக்குள் பி எழுத்தை அழுத்திக் கோப்புகளின் பட்டியலைப் பாருங்கள். பெயர்கள் சரியாகத் தெரிந்தால் கோப்புகளை முதலில் வேறு வட்டுக்கு எடுத்துக்கொள்ளுங்கள், அட்டவணையை எழுதுவதைப் பிறகு பார்க்கலாம். எஸ்எஸ்டியில் தவறுதலாக ஃபார்மட்டும் கொடுத்துவிட்டிருந்தால் நம்பிக்கை குறைவு. ட்ரிம் கட்டளை மூலம் அந்த இடங்கள் காலி என்று வட்டுக்கே சொல்லப்பட்டு, அது தானாகத் துடைத்துக்கொண்டிருக்கும். அந்த நிலையில் உடனே மின்சாரத்தை நிறுத்திவிட்டுத் தரவு மீட்பு வல்லுநரிடம் எடுத்துச் செல்வதே எஞ்சியிருக்கும் வழி.

எல்லாம் சரியாக முடிந்திருந்தால், அணைத்துவைத்த பேஜ் கோப்பையும் சிஸ்டம் புரொடெக்ஷனையும் பிட்லாக்கரையும் மீண்டும் இயக்குங்கள். வெளி வட்டிலுள்ள நகலை அன்றே அழித்துவிடாதீர்கள். கடைக்காரர் டேலியில் ஒரு மாதக் கணக்கை முடித்து, பழைய பத்திரிகை வடிவங்களில் சிலவற்றைத் திறந்து அச்சடித்துப் பார்க்கும்வரை அது அவர் பீரோவிலேயே இருக்கட்டும்.